கையில் வைத்து அனுப்பியது

வோர்ம்ஸ் நகரத்து ஆயர் புர்க்கார்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கேட்டால் அவருக்குக் கோபம்தான் வரும்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கிறது வோர்ம்ஸ். 1000 முதல் 1025 வரை அங்கே ஆயராக இருந்த புர்க்கார்ட், திருச்சபைச் சட்டங்களை 20 நூல்களாகத் தொகுத்தார். 19ஆவது நூல், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கான கையேடு. திருத்துபவன் என்றும் மருத்துவன் என்றும் அதற்குப் பெயர். முன்னால் மண்டியிட்டிருப்பவரிடம் குரு என்னென்ன கேட்க வேண்டும், ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை என்று கேள்வி கேள்வியாகப் போகிறது. பெண்களிடம் கேட்க வேண்டியவை என்றே ஒரு கட்டு உண்டு.

சாவைப் பற்றியும் சில கேள்விகள் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்ற கையோடு இறந்துபோன குழந்தையின் வலது கையில் மெழுகுத் தட்டில் அப்பமும், இடது கையில் மெழுகுக் கிண்ணத்தில் திராட்சை ரசமும் வைத்துப் புதைத்ததுண்டா என்று கேட்கச் சொல்கிறார். கொலையுண்டவனின் கையில் களிம்பு வைத்துப் புதைத்து, செத்த பிறகும் அது காயத்தை ஆற்றிவிடும் என்று நம்பியதுண்டா என்று கேட்கச் சொல்கிறார். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த சிசு எழுந்து வந்து பலருக்குத் தீங்கு செய்யும் என்று பயந்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் அதன் உடலில் முளை அறைந்ததுண்டா என்றும் கேட்கச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் தண்டனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்டிக்கத்தான் எழுதினார். ஆனால் சாவு விழுந்த வீட்டின் உள்ளறையில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்க அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் உள்ளறைக்குப் போகவில்லை. உள்ளறையில் இருந்தவர்களுக்கு எழுதத் தெரியாது. எதிர்த்தரப்புச் சாட்சியாக நின்றவர்தான் இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹல்டன் என்ற இடத்தில் சிஸ்டர்சியன் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் தரையைத் தோண்டியபோது கிடைத்த பொருள்களில் ஒன்று மெழுகுக் கிண்ணம். புர்க்கார்டின் காலத்துக்குப் பிற்பட்ட கல்லறை, நாடும் வேறு. இரண்டுக்கும் நேர்வழித் தொடர்பு இருக்கிறதென்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் ஆயர் கேட்கச் சொன்ன கேள்விக்கு மண்ணுக்குள்ளிருந்து யாரோ 'ஆமாம்' என்று சொன்னது போலிருந்தது எனக்கு.

இந்தக் கேள்வியையும் அந்தக் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ராபர்ட்டா கில்கிறிஸ்ட். ரெடிங் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியர். 1994இல் இடைக்காலக் கன்னியர் மடங்களின் தொல்லியலை எழுதியவர். அதுவரை மடம் என்றால் ஆண் துறவிகளின் மடம் என்றே தொல்லியலில் பொருள். கன்னியர் மடங்கள் சின்னவை, ஏழ்மையானவை, எனவே பேச ஒன்றுமில்லாதவை. அந்தப் பழக்கத்தை உடைத்துவிட்டுத்தான் அவர் கல்லறைகளுக்கு வந்தார். 2005இல் பார்னி ஸ்லோனுடன் சேர்ந்து, பிரிட்டனின் இடைக்கால மடங்களை ஒட்டிய இடுகாடுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பல அகழாய்வுகளில் சிதறிக் கிடந்த சுமார் 8000 கல்லறைகளின் பதிவுகளை ஒரே இடத்தில் கொண்டுவந்த வேலை அது. அதிலிருந்து முளைத்ததுதான் 2008இல் 'இடைக்காலத் தொல்லியல்' ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை. இறந்தவர்களுக்கு மந்திரமா என்று கேள்விக்குறியோடு தலைப்பு வைத்தார். கேள்விக்குறி முக்கியம்.

கிறிஸ்தவக் கல்லறையில் பொருள் இருக்கக் கூடாது என்பது பாடப்புத்தக வாக்கியம். பேகன் காலத்தவர் வாளும் மணியும் பானையும் வைத்துப் புதைத்தார்கள், கிறிஸ்தவம் வந்தது, உடம்பை ஒரு துணியில் சுற்றி, தலை மேற்கே கால் கிழக்கே கிடத்தி மண் தள்ளினார்கள். கதை முடிந்தது. விலக்குகள் உண்டு. குருவானவரைப் புதைத்தால் ஈயத்திலோ வெள்ளீயக் கலவையிலோ செய்த கிண்ணமும் தட்டும் கூடப் போகும். ஆயருக்கு மோதிரமும் செங்கோலும். 1986இல் வூஸ்டர் பேராலயத்தின் கோபுரத்தடியில் ஒரு யாத்திரிகர் கிடைத்தார். முழங்கால்வரை ஏறும் தோல் காலணி, ஒரு கோல், துளையிட்ட சிப்பி. சிலர் போப்பாண்டவரின் பத்திரத்தில் தொங்கிய ஈய முத்திரையோடு கிடைத்திருக்கிறார்கள். பாவமன்னிப்புப் பத்திரம் மக்கிப்போய் முத்திரை மட்டும் தங்கியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கணக்குச் சொல்ல முடியும். பதவி, யாத்திரை, சலுகை.

சிக்கல் இந்தக் கணக்குக்குள் வராதவற்றில் வருகிறது. துளையிட்ட ரோமானியக் காசு. வெள்ளைக் கூழாங்கல். விலங்கின் பல். கறுப்பு ஜெட் கல்லில் ஒரு மணி. பட்டை சீவிய மரக்குச்சி. இவை கிடைத்தபோது பழைய அகழாய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்பது தனிக்கதை. யார்க் நகரத்தில் எங்கே மண்வெட்டி போட்டாலும் ரோமானியர் விட்டுப்போன ஏதாவது ஒன்று மேலே வரும். குழி வெட்டி மூடும்போது மேல்மண் கீழே, கீழ்மண் மேலே. எனவே பன்னிரண்டாம் நூற்றாண்டு எலும்புக்கூட்டின் பக்கத்தில் நான்காம் நூற்றாண்டுக் காசு கிடந்தால், மண்ணோடு தவறி விழுந்தது என்று எழுதிவிட்டு அடுத்த எலும்புக்குப் போவார்கள். எச்சம் என்று அதற்கு ஒரு பத்தி. கூழாங்கல்லுக்கு அதுவுமில்லை. கல்தானே, தூக்கி எறி.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பத்தில் எட்டு தவறி விழுந்ததாகவே இருக்கலாம். ஆனால் மீதி இரண்டு? ஒரு காசு தவறி விழலாம். அது கைக்குள் எப்படி விழும்? துளையிட்ட காசு கழுத்தெலும்பின் மேல் எப்படிப் போய் உட்காரும்? சுற்றிலும் களிமண்ணாக இருக்கும் நிலத்தில் வெள்ளைக்கல் மட்டும் குழந்தையின் பக்கத்தில் எப்படி வந்தது? தனித்தனி அறிக்கைகளில் தனித்தனி விபத்துகளாக இருந்தவற்றை கில்கிறிஸ்ட் வரிசையாக அடுக்கினார். அடுக்கியபோது அவை விபத்துபோல் தெரியவில்லை. மறுபடி மறுபடி அதே பொருள்கள், உடம்பில் அதே இடங்கள். குழந்தைகளிடத்தில் கூடுதலாக. எண்ணிக்கை சிறியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. மக்கிப்போகும் பொருள்கள் எத்தனை வைக்கப்பட்டன என்பதை மண் சொல்லாது. மூலிகையும் அப்பமும் களிம்பும் ரிப்பனும் போனது போனதுதான்.

வெள்ளைக்கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கலாம். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் புனிதர் நினியனின் தலமான விட்ஹார்னில் படிகக் கூழாங்கற்கள் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. அயோனாத் தீவின் மடாதிபதி அடோம்னான் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புனிதர் கொலும்பாவின் சரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. பிக்ட் இனத்து மன்னன் பிரிடேயின் மந்திரவாதி பிராய்கான் ஒரு அயர்லாந்துப் பெண்ணை அடிமையாக வைத்திருந்தான். அவளை விடு என்றார் கொலும்பா. அவன் விடவில்லை, நோயில் விழுந்தான். நெஸ் நதியிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்து ஆசீர்வதித்து அனுப்பினார் புனிதர். பெண்ணை விட்டார்கள். கல்லைத் தண்ணீரில் போட்டார்கள், அது மிதந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவன் பிழைத்தான். கல் அரசனின் கருவூலத்துக்குப் போய்ப் பலரைக் குணப்படுத்தியது. ஆனால் ஒருவருக்கு ஆயுள் முடிந்துவிட்டதென்றால் அன்று தேடினால் கல் கிடைக்காது. மன்னனே செத்த நாளிலும் வைத்த இடத்தில் அது இல்லை.

இதில் யார் மந்திரவாதி? கதைப்படி பிராய்கான். கல்லை அனுப்பியவரோ புனிதர். செய்கையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டு படிகக் கற்களை இருட்டில் உரசினால் உள்ளே ஒரு மங்கிய வெளிச்சம் ஓடும். அதைப் பார்த்த ஒருவர் அந்தக் கல்லை இருட்டுக்குள் போகிறவருக்குக் கொடுத்தனுப்புவதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஜெட் கல்லும் அப்படித்தான். மண்ணுக்குள் அழுந்திக் கறுத்த ஆதிமரம் அது. வைக்கோல் துரும்பை இழுக்கும், பற்றவைத்தால் எரியும். அதன் புகை பாம்பை விரட்டும் என்று ரோமானியர் காலத்திலிருந்தே எழுதி வந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் ரென் நகரத்து ஆயர் மார்போது கற்களின் குணங்களைப் பற்றி லத்தீனில் ஒரு செய்யுள் நூலே செய்தார். ஐரோப்பா முழுக்க அதைப் படியெடுத்தார்கள். மூலிகைக்கும் கல்லுக்கும் ஆண்டவன் படைக்கும்போதே ஆற்றலை வைத்திருக்கிறான், அதை எடுத்துப் பயன்படுத்துவதில் பாவமில்லை என்பது கற்றவர்களின் கட்சி. தாமஸ் அக்குவினாஸ் புனித வாசகங்களைக் கழுத்தில் கட்டிக்கொள்வதைப் பற்றி உட்கார்ந்து வாதாடுகிறார்: தெரியாத பெயர்கள் இல்லையென்றால், பொய் இல்லையென்றால், எழுத்தின் வடிவத்தில் நம்பிக்கை வைக்கவில்லையென்றால் சரி. இத்தனை 'இல்லையென்றால்' போடவேண்டி வந்ததென்றால், ஊரில் எத்தனை கழுத்துகளில் தொங்கியிருக்கும்!

இங்கே தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் 'மேஜிக்' என்று ஒரே சொல்லாக இருப்பதை நான் எப்படிச் சொல்வது? மாந்திரீகம் என்றால் வாசகர் மனத்தில் சுடுகாடும் மண்டையோடும் வந்துவிடும். சூனியம் என்றால் கேடு செய்வது. ஆங்கிலச் சொல்லின் பூர்வீகமும் ஒன்றும் சுத்தமானதில்லை. பாரசீகப் பூசாரிகளுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. அந்நியன் செய்யும் பூசை. அடுத்த வீட்டுச் சடங்கு. ஆரம்பத்திலிருந்தே அது சுட்டுவிரல் நீட்டும் சொல்தான்.

தமிழில் காப்பு என்ற சொல் கிடக்கிறது. குழந்தையின் கையில் போட்டால் காப்பு. திருவிழா தொடங்கும்போது கட்டினால் காப்பு. சாமிக்குச் சந்தனம் சாத்தினால் சந்தனக்காப்பு. புலவர் நூலைத் தொடங்குமுன் பாடினால் காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்புப் பருவம். வளையலும் பாட்டும் பூச்சும் நூலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன, யாரும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல். கில்கிறிஸ்ட் பல பக்கங்கள் எடுத்துக்கொண்டு விளக்குவதை இந்தச் சொல் சும்மா சொல்லிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. அதற்காக ஹல்டனையும் நம் ஊரையும் முடிச்சுப் போட வரவில்லை. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், “நம்ம ஊர்ல நெத்தியில காசு வைக்கிறதில்லையா, அதேதான் சார்” என்றார். அதேதான் என்று சொன்ன நிமிடத்தில் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. அந்தக் கல்லறைகளில் பொருள் வைத்தவர்களுக்கு இருந்த பயங்கள் வேறு. உத்தரிக்கும் தலம் என்ற ஒன்றை நம்பிய சமூகம் அது. 1274இல் லியோன் சங்கம் அதைக் கோட்பாடாகவே உறுதிசெய்தது. செத்தவர் நேரே எங்கும் போய்ச் சேர்வதில்லை. நடுவில் ஒரு நெடும்பாதை, நெருப்பு, காத்திருப்பு. கடைசியில் தீர்ப்பு நாளன்று இதே உடம்போடு எழ வேண்டும். இதே முழங்காலோடு.

முழங்கால் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். யார்க்கில் ஃபிஷர்கேட் பகுதியில் இருந்த புனித அந்திரேயா மடத்தின் இடுகாட்டில் ஒருவர் முழங்காலில் செம்புத் தகடுகள் வைத்துக் கட்டியபடியே புதைக்கப்பட்டிருக்கிறார். உயிரோடிருந்தபோது மூட்டு பிசகியவர். வைத்தியத்துக்காகக் கட்டியது. செத்தவுடன் ஏன் அவிழ்க்கவில்லை? உடம்பைக் கழுவித் துணி சுற்றும்போது தகடு கண்ணில் படாமலா போகும்? அவிழ்க்க வேண்டாம் என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள். செத்த பிறகும் வைத்தியம் நடக்கட்டும், எழும்போது நேராக நிற்கட்டும். புர்க்கார்ட் திட்டிய களிம்புதான் இது, வேறு உருவத்தில். கல்லறைப் பொருள்களில் பல உடம்பைக் குணப்படுத்தவும் வழியில் காக்கவும் வைக்கப்பட்டவை என்று கில்கிறிஸ்ட் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த யாரோ யார்? இங்கேதான் அவர் துணிகிறார். மடத்துத் துறவி இறந்தால் உடன்துறவிகள் கழுவுவார்கள். சாதாரண மனிதர் இறந்தால் வீட்டில் கழுவிக் கிடத்தித் துணி தைத்தவர்கள் பெண்கள். பேறு பார்த்தவர்களும் அவர்களே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மணி கட்டியவர்களும் அவர்களே. எனவே பொருளை வைத்த கை பெண்ணின் கை. உயிரோடிருந்தபோது செய்த பராமரிப்பின் நீட்சி. உள்ளூர்க் குருக்களுக்கு இது தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டார்கள். ஆட்ரி மீனி 1981இல் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் காப்புப் பொருள்களைத் தொகுத்திருந்தார். அந்தப் பழைய அறிவு தாயிடமிருந்து மகளுக்குப் போயிருக்கலாம் என்கிறார் கில்கிறிஸ்ட்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பெண், பராமரிப்பு, அன்பு என்பது நம் காலத்துக்குக் கேட்க இதமாக இருக்கும் விளக்கம். இதமாக இருப்பதாலேயே இன்னொரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். கைரேகை கிடைக்காத இடத்தில் கை யாருடையது என்று சொல்வது அனுமானம்தான். அப்பன் வைத்திருக்க முடியாதா, தாத்தா வைத்திருக்க முடியாதா? பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் என்ற ஊரின் தேவாலயத்தில் ஈரமண் காப்பாற்றிய சவப்பெட்டிகளுக்குள் ஹேசல் மரக்கோல்கள் கிடைத்தன. அந்தக் கோலை வெட்டியவர் ஆணா பெண்ணா? வழிநடைக்கு ஊன்றுகோலா, தடியை நீட்டி வட்டம் போட்டுக்கொள்ளும் பழைய வழிப்பயண மந்திரத்தின் கோலா, திருப்பாடலில் வரும் ஆயனின் கோலா? மூன்றாகவும் இருந்திருக்கலாம், வெட்டியவர் மனத்திலேயே. கில்கிறிஸ்டின் பலமும் இதுதான்: இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ள அவர் அவசரப்படுவதில்லை. புர்க்கார்டின் கேள்விகள் பெண்களை நோக்கி இருப்பதால் தராசு அவர் பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான் நான் ஒப்புக்கொள்வேன்.

பேறு விஷயத்தில் தராசே தேவையில்லை. லண்டன் வெல்கம் தொகுப்பில் ஒரு தோல்சுருள் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செய்தது. 3 மீட்டருக்கு மேல் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். சிலுவையின் ஆணிகள், விலாவின் காயம், ஜெபங்கள் எல்லாம் எழுதி வரைந்தது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணின் இடுப்பில் சுற்றுவதற்கான பட்டை. படங்கள் பல இடங்களில் தேய்ந்து போயிருக்கின்றன; தொட்டுத் தொட்டு, முத்தமிட்டு முத்தமிட்டு. உண்மையில் யாராவது கட்டிக்கொண்டார்களா, அல்லது வெறும் பூசைப்பொருளா என்று சந்தேகம் இருந்தது. சாரா ஃபிடிமென்ட்டும் குழுவினரும் தோலின் மேற்பரப்பிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுத்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தேன், பால், முட்டை, தானியம், பயறு. இவை பேறுகால மருந்துக் குறிப்புகளில் வரும் சரக்குகள். இவற்றோடு பெண்ணின் பிறப்புறுப்புத் திரவத்தின் புரதம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு வலியின் ஈரம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது.

மன்னர் வீட்டிலும் இதே பட்டைதான். 1502 டிசம்பரில் ஏழாம் ஹென்றியின் மனைவி எலிசபெத்துக்கு மாதாவின் இடைக்கச்சையைக் கொண்டுவந்த துறவிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கொடுத்ததாக அரசியின் கணக்கேட்டில் இருக்கிறது. மறுவருடம் பிப்ரவரியில் குழந்தை பெற்றுச் சில நாளில் அவள் இறந்துபோனாள். கச்சை கைவிட்டது. ஆனால் முப்பது வருடம் கழித்து மடங்களைக் கலைக்க வந்த அரசு அதிகாரிகள், மடத்துக்கு மடம் இப்படிப்பட்ட கச்சைகளைப் பட்டியல் போட்டு மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த அதிகாரிகளை அனுப்பியவன், மாதாவின் கச்சையை நம்பிச் செத்தவளின் மகன்.

ஏழை வைத்திருந்தால் மூடநம்பிக்கை, பணக்காரன் வைத்திருந்தால் நகை. 1985இல் யார்க்ஷயரில் மிடில்ஹாம் கோட்டைக்கு அருகே உலோகங்காணும் கருவியோடு நடந்தவர்களுக்கு ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது. பதினைந்தாம் நூற்றாண்டு வேலை, மேல்முனையில் நீலக்கல், ஒரு பக்கம் திரித்துவம், மறுபக்கம் இயேசு பிறப்பு, விளிம்பில் ஜெபத்தோடு சேர்த்து 'அனனிசப்தா' என்று ஒரு சொல். வலிப்பு நோய்க்கு எதிரான மந்திரச் சொல் அது. 1992இல் யார்க்ஷயர் அருங்காட்சியகம் 25 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. அதற்குக் கண்ணாடிப் பேழையும் விளக்கும் உண்டு. விலங்கின் பல்லுக்கு அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்தவை.

பயத்தை விட்டுவிட்டு அன்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. யார்க்ஷயரில் கைவிடப்பட்ட கிராமமான வாரம் பெர்சியில் 137 எலும்புத் துண்டுகள் ஒரு குழியில் கிடைத்திருந்தன. குறைந்தது 10 பேருடையவை. வெட்டும் தீயும் பட்டவை. செத்த பிறகு பட்டவை. 2017இல் ஆய்வு முடிவு வந்தது. வெட்டுகள் தலையையும் கழுத்தையும் சுற்றியே இருந்தன. தின்பதற்காக வெட்டியிருந்தால் சதை மிகுந்த இடங்களில் இருக்கும். வெளியூர்க்காரர்களாக இருப்பார்களோ என்று பல்லைச் சோதித்தார்கள், உள்ளூர்க்காரர்களே. பிணம் எழுந்து நடக்கும், ஊருக்குள் நோயைக் கொண்டுவரும், தோண்டி எடுத்து எரிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் கதைகளை எழுதிவைத்த நியூபரோ வில்லியம் அதே யார்க்ஷயர்க்காரர். புர்க்கார்டின் முளைக்கு இது அண்ணன். குழந்தைக்குக் கல் கொடுத்தனுப்பிய அதே மண்ணில் அண்டை வீட்டுக்காரனைத் தோண்டி எடுத்து வெட்டவும் செய்தார்கள். செத்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடி.

தொல்லியலாளர்கள் இதிலிருந்தெல்லாம் தள்ளி நிற்பவர்கள் என்று நினைத்தால் கிளாஸ்டன்பரிக்குப் போக வேண்டும். அந்தப் பெரிய மடத்தில் 1908 முதல் அகழாய்வு நடத்திய ஃபிரெடரிக் பிளை பாண்ட் கட்டடக் கலைஞர், கெட்டிக்காரர். எங்கே தோண்டுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் செத்துப்போன துறவிகள். நண்பர் ஒருவர் கையில் பென்சிலைப் பிடிக்க, பாண்ட் அந்தக் கையைத் தொட்டுக்கொண்டிருக்க, ஆவிகள் லத்தீனிலும் பழைய ஆங்கிலத்திலும் எழுதும். 1918இல் இதைப் புத்தகமாகப் போட்டார். மடத்துக்குச் சொந்தக்காரர்களான ஆங்கிலிக்கன் திருச்சபையினர் சில ஆண்டுகளில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். 1904 முதல் 1979 வரை அங்கே நடந்து முழுமையாக வெளியாகாமல் கிடந்த அகழாய்வுகளை எல்லாம் மறுபடி ஆராய்ந்து 2015இல் செரில் கிரீனுடன் சேர்ந்து நூலாக்கியவர் நம் கில்கிறிஸ்ட்தான். பாண்டைக் கேலி செய்யாமல் அவருடைய குறிப்புகளையும் வரைபடங்களையும் மற்றவர்களுடையதைப் போலவே சோதித்து, தேறியதை எடுத்துக்கொண்டார். கிளாஸ்டன்பரிக்கு இன்றும் ஆர்தர் மன்னரைத் தேடியும் பூமிச் சக்தியைத் தேடியும் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். அவர்களும் ஆய்வுக்குள் வரவேண்டியவர்களே என்பது அவர் கட்சி. 2020இல் வந்த அவருடைய 'புனித மரபு' என்ற நூலில் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. மந்திரத்தின் பொருள்வடிவம் பற்றிய அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள்.

தண்டனையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். சிசுவின் உடலில் முளை அறைந்தவளுக்குப் புர்க்கார்ட் விதித்தது இரண்டு ஆண்டு நோன்பு. மெழுகுக் கிண்ணம் வைத்தவளுக்கு ரொட்டியும் தண்ணீரும், சில நாள்.